காலா கோடாவின் இரும்புச் சட்டகமும் சிகாகோவின் செங்கல் கோபுரமும்

கேள்வி (மாட்டுங்கா வாசகர்): தென்மும்பையின் காலா கோடாவில் சிதைந்து நிற்கும் எஸ்பிளனேடு மேன்ஷனை வானளாவிய கட்டடங்களின் முன்னோடி என்கிறார்கள். நான்கைந்து மாடிகளே உள்ள அதற்கு இந்தப் பெருமை பொருந்துமா?

பதில்: உயரத்தால் பொருந்தாது, கட்டுமான முறையால் பொருந்தும். வாட்சன்ஸ் ஹோட்டலாக அது 1867 முதல் 1869 வரை எழுப்பப்பட்டபோது, அதன் இரும்புத் தூண்களும் உத்தரங்களும் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டு, கப்பலில் பம்பாய்க்கு வந்து இங்கே பொருத்தப்பட்டன. வடிவமைத்தவர், லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தின் கூரைப் பணியில் பங்குகொண்ட பொறியாளர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ். எடையைத் தாங்குவது இரும்புச் சட்டகம். செங்கல் இடைவெளியை அடைப்பதற்கு மட்டுமே. இந்த அடிப்படையைப் பெரும்பகுதி கைக்கொண்டுதான் 1885-இல் சிகாகோவில் வில்லியம் லெ பரோன் ஜென்னி பத்து மாடி ஹோம் இன்சூரன்ஸ் அலுவலகக் கட்டடத்தை எழுப்பினார். பம்பாயைப் பார்த்து அவர் கற்றார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் முதல் வானளாவி என்று பலரும் போற்றிய அந்தக் கட்டடம் 1931-இல் இடிக்கப்பட்டுவிட்டது. அதைவிட மூத்த நம்முடையது இன்னும் நிற்கிறது. இதை நாம் போதிய அளவு உணரவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கேள்வி (செம்பூர் வாசகி): மகனைப் பார்க்கச் சிகாகோ சென்றபோது மொனாட்நாக் கட்டடத்தைக் கண்டேன். கீழ்த்தளச் சுவர் ஏன் அவ்வளவு தடிமனாக இருக்கிறது? இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அங்கே அலுவலகங்கள் இயங்குவது எப்படி?

பதில்: தாங்கள் கண்டது இரண்டு காலங்கள் ஒட்டி நிற்கும் கட்டடம். 1891-இல் முடிந்த வடபாதியில் புறச்சுவர்களே கட்டடத்தின் எடையைத் தாங்குகின்றன. செங்கல் சுவர் பதினாறு மாடி உயர வேண்டுமானால் அடியில் அகன்றே ஆக வேண்டும். ஆகவே தரைமட்டத்தில் 6 அடி தடிமனாக இருக்கும் சுவர், உச்சியை நெருங்கும்போது ஒன்றரை அடியாகக் குறைகிறது. 1893-இல் ஹோலபேர்ட் அண்டு ரோச் நிறுவனத்தார் கட்டிய தென்பாதியில் எஃகுச் சட்டகம் வந்துவிட்டது. தெருமட்டத்தில் வாடகைக்கு விடக்கூடிய இடத்தை ஆறடிச் சுவர் விழுங்கிவிடுகிறது என்ற கணக்கே, உயரமான சுமைதாங்கு சுவர்களின் காலத்தை முடித்து வைத்தது.

வடபாதியை வடிவமைத்த ஜான் வெல்போர்ன் ரூட், அது நிறைவடையுமுன் 1891 ஜனவரியில் காலமானார். முதலீட்டாளர்களான பாஸ்டனைச் சேர்ந்த புரூக்ஸ் சகோதரர்கள் அலங்காரம் வேண்டாம் என்று வற்புறுத்தியதால், வளைந்து எழும் வெறும் செங்கல் பரப்பே அதன் அழகாயிற்று. மண் இளக்கமான நகரம் என்பதால் கட்டடம் காலப்போக்கில் ஏறத்தாழ 20 அங்குலம் கீழே இறங்கியது, எனினும் உடையவில்லை.

பாதுகாத்த விதம்தான் நமக்கு முக்கியம். 1973-இல் அது சிகாகோ நகரின் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அறிவிப்பு மட்டும் ஒரு கதவைக்கூடப் பழுதுபார்க்காது. 1979-இல் பொறுப்பேற்ற புதிய உரிமையாளர்கள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் செய்ய முற்படாமல், தளம் தளமாக, பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மொசைக் தரையையும் மரக் கதவுகளையும் விளக்குகளையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். தொடக்கத்திலிருந்தே அது சிறு அலுவலகங்களுக்கான கட்டடம், அப்படியே தொடர்ந்தது. வாடகைக்கு இருப்பவர்கள் உள்ளே இருந்ததால்தான் ஒழுகும் கூரையும் கழன்ற ஓடும் உடனுக்குடன் கவனிக்கப்பட்டன.

கேள்வி (டோம்பிவலி வாசகர்): அந்த வழி மும்பையில் நடக்குமா?

பதில்: நடக்க வேண்டுமானால் வாடகையும் பழுதுபார்ப்பும் ஒன்றையொன்று தொட வேண்டும். 1947-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையைத் தேக்கியதால், உரிமையாளருக்குச் செலவிட ஆர்வம் இல்லை; வாடகைக்கு இருப்பவருக்கோ தனது அல்லாத தூணுக்குப் பணம் போட மனம் இல்லை. எஸ்பிளனேடு மேன்ஷன் சிறுசிறு அறைகளாகத் துண்டாடப்பட்டு, 2005-இல் ஒரு பகுதி இடிந்து ஓர் உயிரைப் பறித்தது. உலக நினைவுச் சின்னங்கள் நிதியத்தின் 2006-ஆம் ஆண்டுக்கான ஆபத்துப் பட்டியலில் அது இடம்பெற்றது. 2019-இல் குடியிருப்போரும் வழக்கறிஞர் அலுவலகங்களும் வெளியேற்றப்பட்டார்கள். காலியான கட்டடத்தில் மழைநீரைத் துடைக்கக்கூட ஆள் இல்லை என்பதே என் பெருங்கவலை.

1969-ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கிவைத்த பழுதுபார்ப்பு வரி பழைய கட்டடங்களிடமிருந்து வசூலிக்கப்படுகிறது. ஆனால் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் இடித்துக் கட்டுவதை நோக்கியே வழக்கம் நகர்கிறது. வரிசை அறைகள் கொண்ட சாதாரணச் சால் குடியிருப்புக்குப் பொருந்தும் வரம்பை வார்ப்பிரும்புச் சட்டகத்துக்கும் பொருத்தக் கூடாது. பாரம்பரியக் கட்டட உரிமையாளர், தன் மனையில் பயன்படுத்த முடியாத கட்டுமான உரிமையைப் பிறருக்கு விற்பதற்கு இந்நகரின் விதிகளில் இடமுண்டு. அத்தொகையைத் தனிக் கணக்கில் வைத்து, முதலில் துருப்பிடித்த இரும்பு இணைப்புகளுக்கும் கூரைக்கும் செலவிட்டு, பிறகு நியாயமான வாடகையில் பழைய அலுவலகங்களை ஒரு தளத்திலிருந்து தொடங்கித் திரும்ப அழைக்க வேண்டும்.