பழைய ஐபேடைக் கொடுத்துவிட்டுப் புது மாடல் வாங்கலாமா?

2021-இல் வந்த 9-ஆம் தலைமுறை ஐபேட் இருக்கிறது, 2025 மாடலுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்க, யூடியூப் பார்க்க என்றால் வேண்டாம். சிப் ஏ13-இலிருந்து ஏ16 ஆகியிருக்கிறது, குறைந்தபட்ச சேமிப்பிடம் 64-இலிருந்து 128 ஜிபி, சார்ஜிங் டைப்-சி. சரி, ஆனால் பிடிஎஃப் திறப்பதில் அந்த வேகம் தெரியவே தெரியாது. ஐபேடின் இயங்குதளமான ஐபேட்ஓஎஸ் 26 உங்கள் பழையதிலும் ஓடும். பழைய கவரும் புதியதற்குப் பொருந்தாது. அது தனிச் செலவு.

என்னிடமும் அதே மாடல்தான். ஏப்ரல் வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துவிட்டு ஐந்து ரோடு பக்கம் ஒரு மணி நேரம் அலைந்தேன். எடுத்துப் பார்த்தால் திரையில் சூடு எச்சரிக்கை! சேலம் வெயிலில் முதலில் தளர்வது பேட்டரிதான். மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்தால் அதை மட்டும் மாற்றுங்கள்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் என் மாமா, வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று புதிது வாங்கினார். தோட்டத்துக்குள் சிக்னல் இல்லாததற்கு டேப்லெட் என்ன செய்யும்? புதியதும் சுற்றிக்கொண்டுதான் நிற்கிறது.

பாதுகாப்பு அப்டேட் நின்றால் மாற்றுங்கள். அப்புறம், 64 ஜிபி நிறைந்து தினமும் போட்டோ அழிக்கிறீர்கள் என்றாலும். ஐபேடில் மெமரி கார்டு போட இடமில்லை.