மேனேஜ்மென்ட் கோட்டாவில் முன்பணம் கட்டும் முன் மகளின் நோட்டைப் புரட்டுங்கள்

ஈரோடு பக்கமிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, பயோ-மேத்ஸ் குரூப். கட் ஆஃப் 200-க்கு 150-ஐ ஒட்டி வரும் போலிருக்கிறது. பெரிய மாமா ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்துவிட்டார். பெண்ணோ கணக்கு நோட்டின் பின்பக்கமெல்லாம் ஆங்கில வினைச்சொற்களாக எழுதித் தள்ளுகிறாள். ‘பிக் இட் அப்’ சரி, ‘பிக் அப் இட்’ ஏன் தப்பு? அப்படியானால் ‘லுக் ஆஃப்டர் இட்’ எப்படிச் சரி? “இங்கிலீஷ் படிச்சா டீச்சர் வேலைதானேன்னு சொந்தக்காரங்க சிரிக்கிறாங்க சார். பயமா இருக்கு.”

அம்மா, பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மாமா பேசியிருக்கும் அந்தச் சீட்டைப் பார்த்து நீங்கள் பயப்படத்தான் வேண்டும்.

நான்கு வருடத்துக்குப் பத்து லட்சம் கடன் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்தரை சதவீத வட்டியில் ஏழு வருடத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் 16,900 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. கோடிங் பிடிக்காமல் நான்கு வருடம் தள்ளி, இரண்டு அரியரோடு வெளியே வரும் பிள்ளை முதல் மாதச் சம்பளத்தில் இதைக் கட்ட முடியுமா? மாமா கட்டுவாரா? அவரிடம் நேராகவே கேளுங்கள். சீட் பேசத் தெரிந்தவர்கள் தவணை தேதியில் போன் எடுப்பதில்லை.

பி.எட்., வங்கித் தேர்வு, குரூப் 4 பற்றி நான் சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் சொல்லத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் யாரும் வாயெடுக்காத ஒன்றைச் சொல்கிறேன்: மொழியியல், அதாவது மொழி எப்படி இயங்குகிறது என்று ஆராயும் படிப்பு. அதிலும் கார்ப்பஸ் மொழியியல்.

மகளின் கேள்விக்கு முதலில் பதில். ‘பிக் அப்’பில் வரும் ‘அப்’ வினையோடு ஒட்டிய துணைச்சொல். ‘இட்’, ‘ஹிம்’ போன்ற மாற்றுப்பெயர் வந்தால் இரண்டுக்கும் நடுவில்தான் உட்காரும். ‘லுக் ஆஃப்டர்’-இல் வரும் ‘ஆஃப்டர்’ முன்னிடைச்சொல் (பிரிபொசிஷன்). அதைத் தாண்டித்தான் மாற்றுப்பெயர் வரும். ‘ஹீ லுக்ட் அப் த வேர்ட்’ என்றால் அகராதியில் பார்த்தான், ‘ஹீ லுக்ட் அப் த சிம்னி’ என்றால் புகைபோக்கிக்குள் அண்ணாந்து பார்த்தான். மேலுக்கு இரண்டும் ஒரே மாதிரி. ‘இட்’ போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: அகராதிக்கு ‘லுக்ட் இட் அப்’, புகைபோக்கிக்கு ‘லுக்ட் அப் இட்’. ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருளைச் சோதிக்க இப்படிப்பட்ட வாக்கியங்களைத் தேடிப் பிடித்து வரிசைப்படுத்துவது சம்பளத்துக்குச் செய்யப்படும் வேலை. உங்கள் மகள் அதைச் சும்மா செய்துகொண்டிருக்கிறாள்.

கார்ப்பஸ் என்றால் மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் லட்சக்கணக்கில் திரட்டிக் கணினியில் ஏற்றிய தொகுப்பு. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1961-ஆம் ஆண்டு அச்சான எழுத்திலிருந்து 500 மாதிரிகள், மொத்தம் பத்து லட்சம் சொற்கள் எடுத்தார்கள். அதே அளவில் நம் நாட்டு ஆங்கிலத்துக்கும் ஒன்று உண்டு. கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ்.வி. சாஸ்திரி தலைமையில், 1978-இல் அச்சான எழுத்திலிருந்து தொகுத்தது. 1994-இல் முடிந்த பிரிட்டிஷ் தேசியத் தொகுப்பு பத்துக் கோடிச் சொற்கள். அதில் பத்தில் ஒரு பங்கு பேச்சு.

இவற்றில் தேடும்போதுதான் வினைச்சொற்களின் சகவாசம் தெரியும். ‘மீன்’ என்ற வினை பேச்சில் ‘ஐ’யோடு ஒட்டிக்கொண்டு ‘ஐ மீன்’ என்று வரும். கட்டுரைக்குள் போனால் ‘திஸ் மீன்ஸ்’ ஆகிவிடும். ‘அட்மிட்’டுக்கு ‘ஃப்ரீலி’, ‘ரெகமெண்ட்’டுக்கு ‘ஸ்ட்ராங்லி’, ‘நீட்’டுக்கு ‘பேட்லி’ துணை (பரீட்சை நீட் இல்லை, தேவை என்ற வினை, பரீட்சைக்கும் பொருந்தினால் நான் பொறுப்பில்லை). இங்கிலாந்தின் பர்மிங்காமில் மொழியியலாளர் ஜான் சின்க்ளேர் ‘செட் இன்’ (ஒன்று தொடங்கி நிலைகொள்வது) என்பதைத் தேடிப் பார்த்தார். அதற்கு எழுவாயாக அழுகலும் நோய்த்தொற்றும் விரக்தியும்தான் வந்து நின்றன. நல்லது அநேகமாக எதுவும் இல்லை. இலக்கணப் புத்தகம் சொல்லாத சேதி இது. அவருடைய குழு இப்படித் தேடித் தேடித்தான் 1987-இல் வெளிவந்த ஒரு கற்போர் அகராதியையே தொகுத்தது.

வழி என்ன? அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம். பொறியியல் கட்டணத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும். அந்த மூன்று வருடத்தில் பைத்தான் என்ற கணினி நிரல் மொழியும் அடிப்படைப் புள்ளியியலும் கூடவே படித்தாக வேண்டும். இதில் பேரம் கிடையாது. கணக்குப் படித்த பெண்தானே, முடியும். பிறகு எம்.ஏ. மொழியியல்: சிதம்பரத்தில் அண்ணாமலை, கோவையில் பாரதியார், வெளியே என்றால் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், அங்கேயே ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், புனேயில் டெக்கான் கல்லூரி. பன்னிரண்டு முடித்ததும் நேராகச் சேர ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் பி.டெக்.கோடு கணினி மொழியியலில் ஆராய்ச்சி எம்.எஸ். சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பு உண்டு. நுழைவுத் தேர்வு கடுமை, கட்டணமும் அதிகம். அதற்காகவும் கடன் வாங்காதீர்கள்.

வேலை அகராதிப் பதிப்பகங்களிலும், பேச்சை எழுத்தாக்கும், கட்டுரை திருத்தும் மென்பொருள் நிறுவனங்களிலும் இருக்கிறது. 1969-இல் தொடங்கிய மைசூர் இந்திய மொழிகள் மத்திய நிறுவனத்தின் மொழித் தரவுத் திட்டங்களிலும் எடுப்பார்கள். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் மொழியியல் தனிப் பாடம். தமிழும் ஆங்கிலமும் இரண்டையும் அலசத் தெரிந்த ஆளுக்கு இங்கே மதிப்பு கூடுதல். கசப்பையும் சொல்லிவிடுகிறேன். நிறைய ஒப்பந்த வேலை. வாக்கியத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் அது என்ன வகை என்று லேபிள் ஒட்டச் சொல்வார்கள். அதில் ஆறு மாதத்துக்கு மேல் நிற்கக் கூடாது. பைத்தான் கட்டாயம் என்று அதனால்தான் சொன்னேன்.

அவளுக்கு இது நிஜமாகவே ஒத்துவருமா என்று பார்க்கக் காசு வேண்டாம். ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் ஆந்தணி உருவாக்கிய ‘ஆன்ட்காங்க்’ என்ற மென்பொருள் இலவசம். ஆங்கில நாளிதழ்க் கட்டுரைகள் ஒரு நூறை அதில் ஏற்றி, ‘டேக்’ என்ற வினையைத் தேடி, அதன் வலப்பக்கச் சொல்லை வைத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். அரை மணியில் மூடி வைத்துவிட்டாள் என்றாலும் எழுதுங்கள், வேறு பார்க்கலாம். எதுவானாலும் மாமா சொன்ன சீட்டுக்குத் திரும்ப வேண்டாம்.

முன்பணம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதா? வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் மீதியைத் திருப்ப வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. கல்லூரி பெயரில் ரசீது இருந்தால்தான் இதைப் பேச முடியும். நடுவில் நிற்கும் ஆள் கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இன்றைக்கே மாமாவை அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.