ரயிலில் தலை சுற்றினால் கதவருகே போகாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 36. பெருங்களத்தூரிலிருந்து நுங்கம்பாக்கத்தில் உள்ள ஆபீசுக்கு மின்சார ரயிலில் போய் வருகிறேன். சில மாதங்களுக்கு முன் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் திடீரென்று வியர்த்துக் கொட்டி, குமட்டியது. பக்கத்து ஓட்டல் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வாந்தி எடுத்தேன். அன்றிலிருந்து காலையில் சாப்பிடாமல்தான் கிளம்புகிறேன். வயிறு காலியாக இருந்தால் வாந்தி வராது அல்லவா? வழியில் பாத்ரூம் தேட வேண்டியிருக்குமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. போன மாதம் ரயில் பல்லாவரம் தாண்டும்போது, நின்றபடியே கண் இருட்டிக்கொண்டு வந்தது. காற்று வாங்கக் கதவருகே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு சமாளித்துவிட்டேன். மறுபடி வந்தால் என்ன செய்வது? நாலு பேர் முன்னால் விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் இப்போது வெளியே போகவே தயக்கமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், இது சாதாரண மயக்கத்தின் முன்னோட்டமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். டாக்டர்கள் இதை வேசோவேகல் மயக்கம் என்பார்கள். ரொம்ப நேரம் நிற்கும்போது ரத்தம் கால்களில் தேங்குகிறது. புழுக்கத்தில் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன. உடம்பில் தண்ணீரும் குறைவு என்றால் இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் இன்னும் குறையும். இந்த நிலையில் சிலருக்கு நரம்பு மண்டலம் தப்பான உத்தரவு கொடுத்துவிடுகிறது. துடிப்பைக் கூட்ட வேண்டிய நேரத்தில் குறைக்கிறது, இறுக வேண்டிய குழாய்களைத் தளர்த்துகிறது. பிபி சரிகிறது, மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது, கண் இருட்டுகிறது. குமட்டலும் வியர்வையும் அதே நரம்புகளின் வேலைதான். அதாவது, அன்று உங்களுக்கு வாந்தி வந்ததற்குச் சாப்பாட்டைக் குற்றம் சொல்ல முடியாது.

இப்போது நீங்கள் செய்த நான்கு காரியங்களைப் பாருங்கள். சாப்பாட்டை விட்டீர்கள், தண்ணீரைக் குறைத்தீர்கள், பாத்ரூமைத் தாழிட்டீர்கள், கதவருகே போனீர்கள். நான்குமே நல்லதென்று நினைத்துச் செய்தவை. நான்குமே ஆபத்தைக் கூட்டியவை. பட்டினியும் தண்ணீர்க் குறைவும் மயக்கத்தை வரவழைக்கும். இரண்டாவது தடவை வந்ததற்கு அவையே காரணமாகவும் இருக்கலாம். தாழிட்ட பாத்ரூமில் மயங்கினால் தலை போய் இடிப்பது வாஷ்பேசினிலோ தரையிலோதான். வெளியே இருப்பவருக்கு விஷயமே தெரியாது. தெரிந்தாலும், உள்பக்கம் திறக்கும் கதவை விழுந்து கிடக்கும் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

கதவு விஷயத்தை அழுத்தியே சொல்கிறேன். நம் மின்சார ரயில்களில் பெரும்பாலானவை கதவு திறந்தபடிதான் ஓடுகின்றன. தானாக மூடும் கதவு 2025 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய ஏசி ரயிலில்தான் இருக்கிறது. கண் இருட்டுகிற நேரத்தில் கைப்பிடி பலமும் போய்விடும். கம்பியைப் பிடித்திருக்கிறோம் என்ற தைரியம் அந்த நொடியில் உதவாது. காற்று வேண்டுமென்றால் ஜன்னலோர இருக்கையைக் கேளுங்கள்.

சரி, மறுபடி வந்தால் என்ன செய்வது?

உட்காருங்கள். முதல் அறிகுறி தெரிந்ததும், அடுத்த ஸ்டேஷன் வரை தாங்கிப் பார்க்கலாம் என்று நினைக்காமல், அங்கேயே உட்காருங்கள். இருக்கை இல்லையென்றால் தரையில். ரயில் தரையில் உட்காருவதா என்று தோன்றும். விழுந்து மண்டையை உடைத்துக்கொள்வதைவிட புடவையில் அழுக்குப் படுவது மேல். அறிகுறி தொடங்கி நினைவு தப்புவதற்குள் சில நொடிகள் முதல் ஓரிரு நிமிடம் வரை கிடைக்கும். கொட்டாவி, காதில் இரைச்சல், கை கால் சில்லிடுதல், பேச்சுச் சத்தம் தூரத்தில் கேட்பது போன்றவை எல்லாம் அந்த நேரத்தில் வரும். உங்களுக்கு எது முதலில் வருகிறது என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உட்காரவே இடமில்லாத காலை நேரக் கூட்டம் என்றால், காலைக் குறுக்கே போட்டு நின்று தொடை, பிட்டத் தசைகளை நன்றாக இறுக்குங்கள். இரண்டு கை விரல்களையும் கோத்து, பிரிக்கப் பார்ப்பதுபோல எதிரெதிர்ப் பக்கமாக இழுங்கள். இதனால் காலில் தேங்கிய ரத்தம் மேலேறி, பிபி கொஞ்சம் நிற்கும். இது உட்கார இடம் கிடைக்கும் வரைக்கும்தான்.

இடம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பொதுவாக முனகினால் எல்லோரும் பார்ப்பார்கள், யாரும் எழ மாட்டார்கள். ஒருவரைக் குறிப்பாகப் பார்த்துச் சொல்லுங்கள்: “அக்கா, எனக்கு மயக்கம் வருது. உக்கார இடம் குடுங்க, என் பையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க.” என்ன பிரச்சினை, என்ன வேண்டும் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். லேடீஸ் பெட்டியில் நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் எழுந்துவிடுவார். “ஒண்ணுமில்ல, பரவாயில்ல” என்று மட்டும் சொல்லாதீர்கள். நம்மவர்கள் அதை அப்படியே நம்பிவிடுவார்கள்!

தாம்பரம் கடற்கரை வழியில் ஸ்டேஷன்கள் சில நிமிட இடைவெளியில்தான் இருக்கின்றன. நடுவில் சங்கிலியை இழுத்தால் உதவி வர முடியாத இடத்தில் ரயில் நின்றுவிடும். அடுத்த ஸ்டேஷனில் யாரையாவது கூட்டிக்கொண்டு இறங்கி, பிளாட்பார பெஞ்சில் படுத்து, காலை ஹேண்ட்பேக் மேல் தூக்கி வையுங்கள். ஸ்டேஷன் மாஸ்டரிடமோ ரயில்வே போலீசிடமோ தகவல் சொல்லச் சொல்லுங்கள். ரயில்வே உதவிக்கு 139. மெட்ரோவில் போகிறீர்கள் என்றால், பெட்டியிலேயே டிரைவரிடம் பேசும் அவசர பட்டன் இருக்கும். தெளிந்ததும் சட்டென்று எழாதீர்கள். பத்து நிமிடமாவது கிடந்து, பிறகு உட்கார்ந்து, அப்புறம் நில்லுங்கள். மயங்கியவர் கூச்சப்பட்டு உடனே எழுந்து நடந்து, இரண்டாவது தடவை விழுவது அடிக்கடி நடக்கிற விஷயம்.

வாந்தி வந்தால் தலையை முன்னால் குனியுங்கள். அண்ணாந்தால் மூச்சுக்குழாய்க்குள் போகும். பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டவே கூடாது. அண்ணா சாலையில் பக்கத்துப் பஸ் எவ்வளவு ஒட்டி வரும் என்று உங்களுக்கே தெரியும். பையில் இரண்டு கவர் இருக்கட்டும். 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்த பிறகு கடையில் கேட்டால் துணிப்பைதான் தருகிறார்கள், அது இதற்கு உதவாது. ஜிப் வைத்த தடித்த கவர்கள் நல்லது, நாற்றமும் வெளியே வராது. கூடவே ஒரு சின்னத் துண்டு, மாற்று துப்பட்டா, தண்ணீர்.

வண்டி ஓடும்போது மட்டும், அதுவும் உட்கார்ந்திருக்கும்போதே வாந்தி வருகிறவர்களின் கதை வேறு. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஆட்டத்தை உணர்கிறது, கண்ணோ போனையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் ஒத்துப்போகாததால் வருவது அது. அவர்கள் பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்து தூரத்தைப் பார்க்க வேண்டும், போனை உள்ளே வைக்க வேண்டும். பயணத்துக்கு முன்பே போட வேண்டிய மாத்திரைகள் உண்டு. அவை தூக்கம் வரவைக்கும், வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஆகாது. மெடிக்கலில் பொதுவாக வாந்திக்குத் தரும் ஆன்டான்செட்ரான் இந்தப் பயண வாந்திக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. உங்களுக்கு ரங்கநாதன் தெருவில் நடக்கும்போதே வந்ததால் இது உங்கள் பிரச்சினையாகத் தெரியவில்லை.

உங்களோடு வருகிறவர்களிடமும் சிலதைச் சொல்லி வையுங்கள். மயங்கியவரைத் தூக்கி நிறுத்தக் கூடாது. படுக்க வைத்துக் காலை உயர்த்தினாலே பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் நினைவு வந்துவிடும். வாந்தி எடுக்கிறார் என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நம்மூரில் மயக்கம் என்றதும் யாராவது சோடாவோடு ஓடிவருவார்கள். நல்ல மனசுதான், ஆனால் நினைவு முழுதாகத் திரும்பாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதாலும் ஒரு பயனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் ஏதாவது மெத்தென்று வைத்து, மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் நிற்கவில்லை என்றால் 108.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்தால், சுகர் குறைந்ததாகவே எடுத்துக்கொண்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ கரைத்துக் கொடுக்கலாம், விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. பிஸ்கட் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

குமட்டலும் வியர்வையும் மாரடைப்பிலும் வரும். இதில்தான் அதிக கவனம் வேண்டும். நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ கையிலோ வலி, மூச்சு வாங்குதல் கூடவே இருந்தால் “கேஸ்தான்” என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலி பெரிதாகத் தெரியாமல்கூட வரலாம். வாய் கோணுவது, ஒரு கை தொய்வது, பேச்சுக் குழறுவது பக்கவாதத்தின் அறிகுறி. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதனால் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் உடம்பு நெருப்பாகச் சுட்டு, ஆள் உளறத் தொடங்கினால் அது வெப்ப வாதம். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வந்த பிறகு குளிர்விக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

108க்குக் காசு கிடையாது. அழைத்ததும் இடத்தைத் துல்லியமாகச் சொல்வதுதான் நம் வேலை. “மவுண்ட் ரோட்டில் இருக்கோம்” என்றால் எங்கே என்று தேடுவார்கள்? பஸ் ஸ்டாப்பின் பெயர், எந்தப் பக்கம் போகும் ரோடு, மேலே மெட்ரோ ஓடினால் தூணில் எழுதியிருக்கும் நம்பர், கடை போர்டில் உள்ள முகவரி ஆகியவற்றைச் சொல்லுங்கள். சென்ட்ரல் பக்கம் என்றால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. நடுவில் ராயப்பேட்டை, வடக்கே ஸ்டான்லி, மேற்கே கீழ்ப்பாக்கம் என்று மனதில் ஒரு வரைபடம் இருந்தால் பதற்றம் குறையும். உங்கள் வழியில் குரோம்பேட்டை பக்கம் அரசு மருத்துவமனையும், கிண்டியில் 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையும் இருக்கின்றன.

இனி தினசரி விஷயங்கள். காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வீட்டிலேயே ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடியுங்கள், உயர் ரத்த அழுத்தம் இல்லையென்றால் உப்புப் போட்ட மோர் இன்னும் நல்லது. பாத்ரூம் கவலைக்கு, மெட்ரோ ஸ்டேஷன்களையும் ஆபீஸ் வழியில் உள்ள பெரிய ஓட்டல்களையும் தெரிந்து வைத்துக்கொள்வது போதும். வாந்தி பேதி ஆன நாளில் ஓஆர்எஸ் பவுடரைப் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் குடியுங்கள். அதே பெயர் மாதிரி அட்டைப் பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் அல்ல. அப்படிப் பெயர் போடக் கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவே போட்டது.

பயத்துக்கு வருகிறேன். வெளியே போவதைத் தவிர்க்கத் தவிர்க்க அது வளரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டமில்லாத நேரத்தில், வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு தாம்பரம் வரை போய் வாருங்கள். அடுத்து குரோம்பேட்டை, பிறகு கிண்டி. நடுவில் படபடப்பு வந்தாலும் உடனே இறங்கி ஓடாமல், உட்கார்ந்து அது அடங்கும் வரை இருந்து பாருங்கள். பதற்றத்தில் பிபி பொதுவாக ஏறத்தான் செய்யும். படபடக்கிறது என்பதாலேயே மயங்கி விழப்போகிறோம் என்று அர்த்தமில்லை. சில வாரத்தில் குறையவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம், செலவில்லை.

இதையெல்லாம் தொடங்கும் முன், இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்கள். படுத்தும் நின்றும் பிபி, ஹீமோகுளோபின், சுகர், ஈசிஜி போதும். வாய்ப்பிருந்தால் கர்ப்பப் பரிசோதனையும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. உங்களுக்கும் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும் மாத்திரையில் சரியாகும். மாதவிடாய் அதிகமாகப் போகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். வேகமாக நடக்கும்போதோ படுத்திருக்கும்போதோ மயக்கம் வந்திருந்தால், மயக்கத்துக்கு முன் நெஞ்சு படபடவென்று அடித்திருந்தால், குடும்பத்தில் இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தால், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்போது அவர் உங்களை இதய டாக்டரிடம் அனுப்புவார்.