குறியீட்டில் சிக்காத நுண்துகள்

கேள்வி: ஜெலுத்தோங்கில் விரைவுச்சாலையை ஒட்டிய அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 50க்குக் கீழே இருக்கும் நாள்களிலும் சன்னல் விளிம்பில் கரி படிகிறது. மகன் இரவில் இருமுகிறான். மீநுண் துகள்கள் என்கிறார்களே, அவை எங்கிருந்து வருகின்றன? சாலையா, துறைமுகமா, விமான நிலையமா?
– வாசகி, பினாங்கு

பதில்: நீங்கள் துணியால் துடைத்தெடுக்கும் கரி மீநுண் துகள் அன்று, புகைக்கரியும் டயர் தேய்மானமும் கலந்த பெரிய தூசி அது. மீநுண் துகளின் விட்டம் 0.1 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. அடர்த்தி ஒன்றே எனக் கொண்டால், 2.5 மைக்ரோமீட்டர் துகள் ஒன்றின் எடைக்கு 0.1 மைக்ரோமீட்டர் துகள்கள் 15,625 வேண்டும். குறியீட்டைப் பெரும்பாலும் தீர்மானிக்கும் பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான துகள்கள், எடையால் அளக்கப்படுவதால், இவை பெருகினாலும் அந்த எண் பெரிதாக அசைவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் இவற்றை எண்ணிக்கையால் மதிப்பிட்டு, 24 மணி நேரச் சராசரி ஒரு கன சென்டிமீட்டரில் 10,000ஐத் தாண்டினால் அதிகம் என்று வரையறுத்தது.

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை முதல் சந்தேகம் சாலையின் மீதுதான். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை குளிரும்போதே இத்துகள்கள் உருவாகின்றன; பிறகு ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகியும், காற்றில் கலைந்தும், சாலையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. பகலில் கடற்காற்று கரையேறும்போது, கடலோரமாகச் செல்லும் அந்தச் சாலையின் புகை நேரே உங்கள் பக்கம் வரும். ஒரே குடியிருப்பில் சாலையைப் பார்த்த வீடும் பின்பக்க வீடும் ஒரே காற்றைச் சுவாசிப்பதில்லை.

விமானப் புகை வேறு வகை. லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வு, காற்று வீசும் திசையில் 16 கிலோமீட்டர் வரை எண்ணிக்கை உயர்ந்திருந்ததைக் காட்டியது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் அவ்வளவு பெரிய விமான நிலையம் அன்று; ஆயினும் தெற்கிலிருந்து காற்று வீசும்போது அதன் பங்கை ஒதுக்கிவிட முடியாது. கப்பல்கள், பிறை தொழிற்பேட்டை ஆகியவற்றின் கந்தக டைஆக்சைடு வெயிலில் வினைபுரிந்து, புகையே தெரியாத இடத்திலும் புதிய துகள்களைப் பிறப்பிக்கக்கூடும்.

வீட்டுக்குள் கேஸ் அடுப்பில் பொரிப்பதும், சாம்பிராணியும் ஊதுவத்தியும் சில நிமிடங்களில் எண்ணிக்கையைப் பன்மடங்காக்கும். பூஜையை நிறுத்த வேண்டியதில்லை; சாலையைப் பார்க்காத பக்கச் சன்னலைத் திறந்து வையுங்கள், மகன் உறங்கும் அறையில் மட்டும் புகை போட வேண்டாம். நெரிசல் வேளையில் சாலைப் பக்கச் சன்னலை மூடுங்கள். ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் இத்துகள்களையும் பிடிக்கும். நெடுஞ்சாலையோரப் பள்ளிகளிலாவது எண்ணிக்கையை அளக்கும் கருவி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரவு இருமல் ஆஸ்துமாவின் அறிகுறியாகவும் இருக்கலாம். காற்று தெளியட்டும் என்று காத்திராமல் மகனை மருத்துவரிடம் காட்டுங்கள்.