ஏரிக்கரைச் சரளைப் பாதை

கேள்வி: வேல்ஸின் எலான் பள்ளத்தாக்குக்கு கிராவல் சைக்கிளில் (சரளைப் பாதைக்கான சைக்கிள்) போகிறேன். என் எடை 70 கிலோ. டயர் 45 மி.மீ., ட்யூப்லெஸ். எந்தப் பாதை? எவ்வளவு காற்று?

பதில்: ரேயடர் ஊரின் அருகிலிருந்து கிரைக் கோக் அணை வரை சுமார் 14 கி.மீ. பழைய ரயில் தடம். அணை கட்டப் பொருள் ஏற்றிச் சென்ற வழி என்பதால் ஏற்றம் மெதுவாகவே கூடும். முதல் நாளுக்கு அதுவே போதும். கிளையர்வென் ஏரிக்கரைப் பாதை அழகு கொஞ்சும், ஆனால் கரடுமுரடு. மழைக்குப் பின் குட்டைகளின் ஆழம் தெரியாது; இறங்கித் தள்ளுங்கள்.

முன்சக்கரத்துக்கு 28, பின்சக்கரத்துக்கு 31 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்துத் தொடங்கலாம். கூடினால் சக்கரம் கல்லில் துள்ளிப் பிடிமானம் போகும். மிகக் குறைந்தால் ரிம் அடிபடும். டயருக்கு 60 மி.லி. சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். பக்கவாட்டில் பெரிதாகக் கிழிந்தால் அது அடைக்காது. கிழிசலின் உள்பக்கம் வைக்கப் பழைய டயர்த் துண்டும் ஒரு ட்யூபும் பையில் கட்டாயம் இருக்கட்டும்.