வெளியே அடக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்து விடும் நாய்க்குட்டி: கேள்வி பதில்

கேள்வி: 10 வார ஆண் குட்டி. காலையில் அரை மணி நேரம் வெளியே நிற்கிறோம். புல்லை முகர்கிறான், காய்ந்த இலையைத் துரத்துகிறான், ஒன்னுக்கு மட்டும் போவதில்லை. உள்ளே வந்த இரண்டாவது நிமிடம் கால்மிதி மேல் போய்விடுகிறான். வேண்டுமென்றே செய்கிறானா?

பதில்: அந்த அளவுக்கெல்லாம் அவனுக்குத் திட்டம் போடத் தெரியாது. பயமோ பரபரப்போ இருக்கும்வரை சிறுநீர்ப்பையின் வாய்த்தசை இறுகியே இருக்கும். உடம்பு நிம்மதியானால்தான் அது தளரும். வெளியே வண்டிச் சத்தம், புது வாசனை, பறக்கிற இலை. வீட்டுக்குள் கால் வைத்ததும் ‘அப்பாடா’ என்று தளர்கிறான், அடக்கி வைத்தது மொத்தமும் வந்துவிடுகிறது. கால்மிதி மெத்தென்று இருக்கிறது, பழைய வாசனையும் அதில் ஊறியிருக்கிறது. வேறென்ன வேண்டும்?

ஒன்னுக்குப் போகும் நேரத்தையும் விளையாட்டு நேரத்தையும் பிரியுங்கள். வாசலிலிருந்து 10, 15 அடிக்குள் ஒரே ஓர் இடம் போதும். 5 அல்லது 6 அடி லீஷ் கட்டி, தூக்கிக்கொண்டு போய் அங்கே இறக்கிவிட்டு, நட்டுவைத்த கம்பம் மாதிரி நில்லுங்கள். பேச்சு வேண்டாம், கொஞ்சல் வேண்டாம், ‘போ, போ’ என்ற நச்சரிப்பும் வேண்டாம். முதல் மூன்று நிமிடம் இலை, எறும்பு என்று எல்லாவற்றையும் விசாரிப்பான். லீஷ் எட்டுகிற வட்டத்துக்குள் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை என்று ஆன பிறகுதான் வயிறு நினைவுக்கு வரும். 7, 8 நிமிடத்தில் போகவில்லையா, உள்ளே கூட்டி வந்துவிடுங்கள்.

பெரும்பாலும் கோட்டை விடுவது இதற்கு அடுத்துதான். உள்ளே வந்ததும் லீஷைக் கழற்றி ஓட விடக் கூடாது. மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது லீஷை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள், அல்லது கிரேட்டில் (நாய்க்கான சின்னக் கூண்டு) விடுங்கள். 10, 15 நிமிடம் கழித்து மறுபடி அதே இடம், அதே கம்பம். இப்படி மூன்றாவது, நான்காவது சுற்றில் அவனுக்கு வேறு வழி இருக்காது. கால்மிதிகளை எல்லாம் சுருட்டி ஒரு மாதத்துக்குப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள்.

அவன் போய்க்கொண்டிருக்கும்போது ‘குட் பாய்’ என்று கத்தாதீர்கள். பாதியில் நிறுத்திவிட்டு உங்களிடம் ஓடி வருவான், மீதியை உள்ளே வந்து முடிப்பான். முடித்து நிமிர்ந்த இரண்டு வினாடிக்குள், நின்ற இடத்திலேயே, அவனுக்கு உயிரான டிரீட்டைச் சுண்டுவிரல் நகம் அளவில் மூன்று துண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று எடுத்துக்கொள்வான்.

கேள்வி: எத்தனை மணிக்கு ஒருமுறை கூட்டிப் போக வேண்டும்? 2 மாதக் குட்டி.

பதில்: வயது மாதத்தோடு ஒன்று கூட்டினால் வருகிற மணி நேரம், அதாவது 2 மாதத்துக்கு 3 மணி, என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது அதிகபட்சம், அதுவும் தூங்கும்போது. விழித்து ஓடியாடும் 2 மாதக் குட்டிக்கு முக்கால் மணி நேரமே பெரிது. கடிகாரத்தைவிடச் சம்பவங்கள் முக்கியம்: தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்டு 5 முதல் 30 நிமிடத்துக்குள், தண்ணீர் குடித்துக் கால் மணி நேரத்தில், விளையாட்டின் நடுவில் ஒருமுறை. எழுந்ததும் நடத்திக் கூட்டிப் போனால் வாசல் வரை தாங்காது. தூக்கிக்கொண்டு போங்கள்.

வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். அதனால் சாப்பாட்டு நேரம் நிலையாக இருந்தால் ஆய் போகும் நேரமும் நிலைப்படும். கிண்ணத்தை நாள் முழுக்க நிரப்பி வைக்காமல், 4 மாதம் வரை ஒரு நாளைக்கு 3 அல்லது 4 வேளை, ஒவ்வொன்றும் 15 நிமிடம், பிறகு கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். மூன்று நாள் ஒரு தாளில் சாப்பிட்டது, தூங்கியது, போனது எல்லாவற்றையும் மணியோடு எழுதுங்கள். நான்காவது நாள் அவன் கணக்கு உங்களுக்கே பிடிபடும்.

கேள்வி: 4 மாதப் பெண் குட்டி, சின்ன வயதிலிருந்தே வீட்டுக்குள் பேடில் (ஈரம் உறிஞ்சும் விரிப்பு) போய்ப் பழக்கம். வெளியே கூட்டிப் போனால் சுற்றிச் சுற்றி எதையோ தேடுகிறாள், அழுகிறாள், கடைசியில் வீட்டுக்கு இழுக்கிறாள்.

பதில்: பேடைத்தான் தேடுகிறாள். குட்டிகள் 5 முதல் 9 வார வயதுக்குள் காலுக்கு அடியில் எது இருந்ததோ அதையே கழிப்பிடமாக மனதில் பதித்துக்கொள்ளும். அவளைப் பொறுத்தவரை புல் என்பது தரை, அதில் போகக் கூடாது.

எனவே பேடை வெளியே கொண்டுபோங்கள். ஒன்னுக்கு நனைந்த பழைய பேடை நீங்கள் தேர்ந்த இடத்தில் விரித்து, காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வையுங்கள். அதில் மூன்று நாள் தொடர்ந்து போனால் பாதியாக வெட்டுங்கள். இன்னும் மூன்று நாள், கால்வாசி. பிறகு உள்ளங்கை அளவு. அப்போது முன்கால் பேடிலும் பின்கால் புல்லிலும் இருக்கும், ஒன்னுக்குப் புல்லில் விழும். அதுதான் நமக்கு வேண்டியது. ஏதாவது ஒரு கட்டத்தில் மறுத்தால் ஒரு படி மட்டும் பின்னால் போங்கள். முழுப் பேடுக்குத் திரும்ப வேண்டாம்.

வெளியே போக ஆரம்பித்த பிறகு உள்ளே இருக்கும் பேடை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று விட்டுவைப்பவர்கள்தான் ஆறு மாதம் கழித்தும் இதே கேள்வியோடு வருகிறார்கள்.

கேள்வி: தடுப்பூசி முடியும்வரை தரையில் விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை வீட்டுக்குள் பழக்கிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம் என்கிறார்களே?

பதில்: இரண்டுமே சரி. குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். குட்டிப் பருவத்து ஊசி வரிசையின் கடைசி டோஸ் 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ வருகிறது. அதுவரை காத்திருந்தால் உலகத்தோடு பழகும் முக்கியமான வயது தாண்டிவிடும்.

நடுவழி உண்டு. ஓரம் தாழ்ந்த ஒரு தட்டு, சின்ன இனத்துக்கு 2 அடிக்கு 3 அடி. அதில் 2 அங்குலம் மண் போட்டு மேலே புல் பத்தையைப் பரப்பி, பால்கனியிலோ கதவோரத்திலோ வையுங்கள். மண்ணும் புல்லும் வேறு நாய்கள் நடமாடாத இடத்திலிருந்து வர வேண்டும். இடம் வீட்டுக்குள் என்றாலும் காலுக்குப் பழகுவது புல். பிறகு வெளிப் புல்லுக்கு மாற்றுவது எளிது. தினமும் கையில் தூக்கி வெளியே கொண்டுபோய்ச் சத்தங்களைக் கேட்க விடுங்கள், கீழே மட்டும் விட வேண்டாம். உங்கள் செருப்பும் வாசலோடு நிற்கட்டும்.

கேள்வி: சோபாவுக்குப் பின்னால் போனதற்கு ஒருமுறை மூக்கைத் தேய்த்து அதட்டிவிட்டேன். இப்போது லீஷில் என் பக்கத்தில் நின்றால் போவதே இல்லை. முகத்தில் குற்ற உணர்ச்சி தெரிகிறது, அப்படியும் ஒளிந்து ஒளிந்து உள்ளேதான் போகிறான்.

பதில்: அது குற்ற உணர்ச்சி இல்லை, உங்கள் முகத்தைப் பார்த்துப் பணிந்துபோகிற பாவனை. ‘உள்ளே போகக் கூடாது’ என்று நீங்கள் சொன்னதாக நினைக்கிறீர்கள். ‘மனிதன் கண்ணெதிரே போகக் கூடாது’ என்று அவன் கேட்டுக்கொண்டான். லீஷின் மறுமுனையில் மனிதன் இருக்கிறான், அப்புறம் எப்படிப் போவான்?

15, 20 அடி நீளக் கயிறு வாங்குங்கள். வெளியே விட்டுவிட்டு, முதுகைக் காட்டி நின்று ஓரக்கண்ணால் மட்டும் பாருங்கள். முடித்ததும் மெதுவாகத் திரும்பி டிரீட்டை அவன் பக்கம் உருட்டிவிடுங்கள். ஒழுங்காகப் போகத் தொடங்கியபின் தினமும் ஓர் அடி, இரண்டு அடி என்று கயிற்றைச் சுருக்குங்கள். இதற்கு இரண்டு வாரம் வரை ஆகலாம், அவசரப்படுத்தினால் முதலிலிருந்து தொடங்க நேரும். உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது பார்த்தால் ‘வா வா’ என்று சாதாரணக் குரலில் சொல்லித் தூக்கி வெளியே கொண்டுபோங்கள். போய் முடித்த பிறகுதான் பார்த்தீர்களென்றால், துடையுங்கள். அவ்வளவுதான்.

கேள்வி: எதை வைத்துத் துடைப்பது? ஃபினாயில் போட்டும் அதே மூலைக்குப் போகிறது.

பதில்: ஃபினாயில் உங்கள் மூக்குக்கு மட்டும்தான் வாசனையை மறைக்கிறது. முதலில் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். பிறகு செல்லப்பிராணிகளுக்கான என்சைம் கிளீனரைக் கறையைவிடப் பெரிய வட்டமாக ஊற்றி, 10, 15 நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். அம்மோனியா உள்ள கிளீனர் நாய்க்கு இன்னொரு ஒன்னுக்கு மாதிரியே தோன்றும். பிளீச்சைச் சிறுநீர் மேல் நேரடியாக ஊற்றவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

கேள்வி: முதலில் கேட்டவன்தான். வேலைக்கு நேரமாவதால், அவன் போனதும் டிரீட்டைக் கொடுத்து உடனே உள்ளே கூட்டி வந்துவிடலாமா?

பதில்: வேண்டாம். போனால் வெளியே இருப்பது முடிந்துவிடும் என்று ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவான், பிறகு முடிந்தவரை அடக்குவான். போனபின் 5 நிமிடமாவது விளையாட்டு. நேரமில்லை என்றால் 5 நிமிடம் முன்னதாக எழுந்திருப்பதைத் தவிர வழியில்லை.

கேள்வி: மழை பெய்தால் கதவைத் தாண்ட மாட்டேன் என்கிறாள்.

பதில்: குட்டைக்கால் இனமா? ஈரப் புல் அவள் வயிற்றில் உரசும். அந்த இடத்துப் புல்லைக் குட்டையாக வெட்டி, மேலே ஏதாவது மறைப்புக் கட்டுங்கள். குடை பிடித்தால் சில குட்டிகள் குடைக்கே பயப்படும், அதை முதலில் வீட்டுக்குள் விரித்துக் காட்டிப் பழக்குங்கள். வெயில் நேரத்திலும் இதே மறுப்பு வந்தால், தரையில் புறங்கையை 7 வினாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குத் தாங்கவில்லையென்றால் அவள் பாதத்துக்கும் தாங்காது.

கேள்வி: 5 மாதப் பெண் குட்டி. ஒரு மாதம் ஒழுங்காக வெளியே போனாள். மூன்று நாளாக இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளேயே உட்காருகிறாள், சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது.

பதில்: இது பழக்கக் கோளாறு மாதிரித் தெரியவில்லை, சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். முக்கல், ரத்தம், கடும் நாற்றம், அந்த இடத்தை ஓயாமல் நக்குவது எல்லாம் இதோடு சேரும். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பரிசோதனைக்குக் கொஞ்சம் சிறுநீர் கேட்பார்கள்: காலையில் அவள் உட்கார்ந்து ஒரு வினாடி போனபின், சுத்தமான குழிக்கரண்டியைப் பின்னாலிருந்து மெல்ல நீட்டிப் பிடியுங்கள். மூடிய பாட்டிலில் ஊற்றிச் சீக்கிரம் கொண்டுபோங்கள், தாமதமானால் ஃபிரிட்ஜில் வையுங்கள். தூங்கும் இடம் எப்போதும் ஈரமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், பிறவியிலேயே சிறுநீர்க்குழாய் இடம் மாறியிருக்கலாம்.

எந்தக் குட்டியானாலும் முக்கியும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் அது அவசர நிலை. பயிற்சியை விட்டுவிட்டு உடனே கிளம்புங்கள்.

கேள்வி: நான் வேலை முடிந்து வந்ததும் ஓடி வந்து என் காலடியிலேயே போய்விடுகிறது. வெளியே கூட்டிப் போய் வந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

பதில்: இதைக் கழிப்பிடப் பயிற்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மகிழ்ச்சியிலோ பணிவிலோ தானாகக் கசிவது, குட்டிக்கே தெரியாது. உள்ளே நுழைந்ததும் குனிந்து தலையைத் தடவாதீர்கள். கண்டுகொள்ளாமல் நேராக வெளிக்கதவுக்கு நடங்கள், பின்னாலேயே வரும். வெளியே போய்ப் பக்கவாட்டில் திரும்பிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தாடைக்குக் கீழே மட்டும் தடவிக்கொடுங்கள். அப்போது கசிந்தாலும் புல்லில்தானே போகிறது.