நீலமும் வெள்ளையும் எங்கிருந்து வந்தன?

கேள்வி: பாடசாலை வினாடி வினாவில் பி.எம்.டபிள்யூ காரின் சின்னத்திலுள்ள நீலமும் வெள்ளையும் எதைக் குறிக்கின்றன என்று கேட்டார்களாம். என் மகன் "பவேரியா மாநிலத்தின் நிறங்கள்" என்று எழுதினான். "நீல வானில் சுழலும் விமானக் காற்றாடி" என்பதுதான் விடை என்று சொல்லிப் புள்ளி கொடுக்கவில்லை. எது சரி?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: உங்கள் மகன் எழுதியதுதான் சரி. அந்தப் புள்ளி அவனுக்குச் சேர வேண்டியது.

காற்றாடிக் கதையைச் சொல்பவர்கள் இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்திலுள்ள மியூனிக்கில் விமான இயந்திரம் செய்துவந்த ராப் நிறுவனம் 1917இல் பி.எம்.டபிள்யூ என்று பெயர் மாறியது. அதே ஆண்டு ஒக்டோபர் 5ஆம் திகதி சின்னமும் பதிவானது. ராப்பின் சின்னத்தில் கறுப்பு வளையத்துக்குள் குதிரைத் தலை இருந்தது. வளையத்தை வைத்துக்கொண்டு, குதிரையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தங்கள் மாநிலத்தின் நிறங்களைப் போட்டார்கள். அவ்வளவுதான். காற்றாடி வந்ததோ 1929இல். புதிய விமான இயந்திரம் ஒன்றுக்கான விளம்பரத்தில், சுழலும் காற்றாடிக்குள் இந்தச் சின்னத்தை வரைந்தார்கள். 1942இல் நிறுவனத்தின் சொந்த சஞ்சிகையே அந்தக் கதையை எழுதியது. பன்னிரண்டு வருடம் கழித்து வந்த விளம்பரம் எப்படிச் சின்னத்தின் பிறப்புக்குக் காரணமாகும்? படம் அழகாக இருந்தது, நிறுவனமும் நெடுநாள் மறுக்கவில்லை, கதை நிலைத்துவிட்டது. இன்று நிறுவனமே பவேரியா என்றுதான் விளக்கம் சொல்கிறது.

மகனுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள், என்னைக் கேட்டால் இதுதான் அருமையான பகுதி. அரச சின்னங்களை வியாபாரக் குறியில் வைக்க அன்றைய ஜெர்மன் சட்டம் இடம் கொடுக்கவில்லை. சின்னங்களை மேல் இடப்பக்கத்தில் தொடங்கி வலஞ்சுழியாகப் பார்ப்பது மரபு. அந்த மரபுப்படி பவேரியாவுக்கு வெள்ளை முதலில், நீலம் பிறகு. இவர்கள் வரிசையைத் திருப்பி, நீலத்தை முதலில் வைத்தார்கள். நிறங்களையும் விடவில்லை, சட்டத்தையும் மீறவில்லை. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டத்திலும் இதே போன்ற தடை உண்டு. கொடிகளையும் இலச்சினைகளையும் நினைத்தபடி வியாபாரக் குறியாகப் பதிய முடியாது.

சின்னம் பதிவானபோது அவர்களிடம் கார் கிடையாது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 1923இல் மோட்டார் சைக்கிளில் ஏறிய பிறகுதான், அது காருக்கு வந்தது.

வினா தயாரிக்கும் ஆசிரியர்களே, இணையத்தில் முதலில் கண்ணில் படுவதை விடைத்தாளில் ஏற்றாதீர்கள். சரியாகப் படித்துவந்த பிள்ளை அதனால் தோற்கிறது. மகன் நேரில் பார்க்க விரும்பினால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குக் கூட்டிப்போங்கள். முன்பக்க மூடியில் ஒட்டும் சின்னத்தை எழுத்து நேராகத் தெரியும்படி பிடித்தால், மேலே இடப்பக்கக் கால்பகுதி நீலமாக இருக்க வேண்டும். அங்கே வெள்ளை இருந்தால் அது ஒழுங்கான சின்னமல்ல, வாங்காதீர்கள்.